அரசாங்கத்துச் சாரை

எங்கள் வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வங்கிக் கடனும் என் பெயரில்தான். சொத்துவரி ரசீது, மின்கட்டண அட்டை, தண்ணீர் லாரி பாக்கி என்று பணம் கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் என் பெயரைப் பார்க்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பொருளை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள எனக்கு இருக்கும் இடம், டி.வி.க்கு மேலுள்ள பலகையின் வலது ஓரத்தில் ஒரு சாண். நவராத்திரி வந்தால் அதுவும் போய்விடும். செட்டியார் பொம்மை கடை போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஒரு சாண் இடத்தில் நான் ஓர் அருங்காட்சியகம் நடத்திவந்தேன். தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று இருந்தது. அதற்குள் கரப்பான் குடும்பம் நடத்துவதாகக் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணையின்றி வெளியேற்றப்பட்டது. கல்லாகிப்போன மரத்துண்டு என்று நான் நம்பிய ஒரு கல் இருந்தது. அதை இஞ்சி தட்ட எடுத்துக்கொண்டார்கள்; நன்றாகத் தட்டுகிறதாம். கடற்கரையில் பொறுக்கிய சங்கு மட்டும் தப்பித்தது. காதில் வைத்தால் கடல் கேட்கும் என்பது என் கட்சி. குக்கர் விசிலைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்பது மனைவியின் கட்சி.

பிழைப்புக்குக் கணக்கு எழுதினாலும் உள்ளுக்குள் நான் ஓர் இயற்கை ஆராய்ச்சியாளன். பேட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு வெள்ளைக்கார வைத்தியர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரைப் பாம்புகளையெல்லாம் வரவழைத்துப் பார்த்து, படம் போட்டு, 1796-இல் பெரிய புத்தகம் வெளியிட்டார். நம்மூர்க் கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். செத்த பாம்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளேயிருந்து என்ன குரல் வந்தது என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு வந்த குரலை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது மதுராந்தகம் பக்கம். 'நகர்' என்று பெயர்ப் பலகை உண்டு. அதற்கு முன் அது வயல். இப்போதும் மூன்று பக்கம் வயல்தான். நாலாவது பக்கம், டிப்பர் லாரிகள் குறுக்கு வழியாகப் போவதற்கென்றே போட்ட மாதிரி ஒரு தார் ரோடு. ஒரு பக்கம் வரப்பு, எலி வளை, தவளை. மறுபக்கம் ஏரிக்கரைப் புதர். பாம்புக்குக் குடியிருப்பு அந்தப் பக்கம், மளிகைக் கடை இந்தப் பக்கம். நடுவில் ரோடு. தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது. வெயில் பட்ட தார் இதமாக இருந்தால் கொஞ்சம் நின்று போகலாம் என்று தோன்றும்போலிருக்கிறது. சாரை வேகமான பாம்புதான். இருந்தாலும் டிப்பர் டிரைவருக்கு லோடு கணக்கில் கூலி.

காலை நடைக்குப் போன எனக்கு அது முழு நீளத்தில் காட்சி கொடுத்தது. ஆறடிக்கு மேல். சக்கரம் கழுத்துக்கு இரண்டு முழம் கீழே ஏறியிருந்தது. தலையும் வாலும் பழுதில்லை. காய்ந்த வைக்கோல் நிறம். வால் பக்கம் போகப் போக முதுகில் கறுப்பு வலை. மேலுதட்டுச் செதில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்புக் கோடு. மையில் பேனாவைத் தொட்டு யாரோ பொறுமையாக வரைந்திருந்தார்கள். சாரைக்கு அடையாளமே அந்தக் கோடுகள்தான். கண் பெரியது, பாவை வட்டம். முதுகுச் செதில்களில் நடுவே மெல்லிய வரம்பு. வயிற்றுச் செதில்கள் மட்டும் அகலமாக, வழவழவென்று, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து. வயிற்றில் ஓரிடத்தில் ஒரு புடைப்பு. கடைசிச் சாப்பாடு ஜீரணமாகவில்லை.

முதலில் நீளக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். பயத்தினால் அல்ல. செத்த பாம்பின் தலைக்கும் கொஞ்ச நேரம் கடிக்கிற பழக்கம் போகாது. வெட்டிப் போட்ட தலையே கடித்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டு. சாரைக்கு விஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது சாரை என்பது எனக்கு நிச்சயம்தானா என்பதற்குத்தான் குச்சி.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாம்பு உயிரோடு இருந்தால் படை நடுங்கும். செத்துக் கிடந்தால் படையே வந்து அபிப்பிராயம் சொல்லும்.

"நல்லது சார் இது. படம் சுருங்கிடுச்சு" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்லண்ணே, சாரை. நல்லதுக்கு ஆம்பளை" என்றார் பால்காரர்.

இதை ஒரு முறை திருத்தியே ஆக வேண்டும் என்று எனக்குப் பல வருஷ ஆசை. சாரை வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஜோடி போட்டுக்கொண்டு பின்னிப் பிணைந்து எழுந்து நிற்கின்றன என்று நாம் வேட்டி போட்டுக் கும்பிடுகிறோமே, அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது என்று விளக்கினேன். பால்காரர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். அப்ப இதுக்குப் பால் ஊத்தணுமா, வேணாமா?"

நல்ல பாம்பு செத்தால் பால் ஊற்றி, காசு வைத்து எரிப்பது ஊர் வழக்கம். சாரைக்கு அந்த மரியாதை உண்டா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கறி மூட்டு வலிக்கு நல்லது என்று மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பியது. பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பார்கள். இந்தப் பாம்பின் நடுத்துண்டு மேல்தான் லாரி ஏறியிருந்தது. கட்சிகள் மும்முரமாக இருந்தபோது நான் டீக்கடையிலிருந்து ஒரு சாக்கு வாங்கினேன். அடுத்த சாக்கு வரும் வரை அதற்குப் பத்து ரூபாய் டெபாசிட்.

வீட்டு வாசலில் மனைவி கோலத்தை முடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சாக்குல என்ன?"

"ஒரு மாதிரி."

"எது மாதிரி?"

"ஆராய்ச்சி மாதிரி."

சாக்கின் ஓட்டையிலிருந்து வால் நுனி அரை அடி வெளியே வந்து தன் தரப்பைச் சொன்னது. அதற்குப் பிறகு எழுந்த குரலைத்தான் எழுதி வைப்பதாகச் சொன்னேன். சுருக்கம் இதுதான்: ஒன்று அது, இல்லை நான். தேர்ந்தெடுக்கும் உரிமையும் எனக்கில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் பாம்புக்கு மொட்டை மாடியும், எனக்குக் கொல்லைக் குழாயில் இரண்டு முறை குளியலும் சோப்போடு கை கழுவுதலும் என்று தீர்ப்பானது. கை கழுவச் சொன்னது தீட்டுக்காக. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருப்பது சகஜம் என்பதால் விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து எனக்கு ஆதரவு வந்தது. என் அம்மா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படி ஏற மாட்டாள். ஆனால் சேதி ஏறி இறங்கிவிடும்.

"சாரையாடா?"

"ஆமாம்மா."

"தோல் கிழிஞ்சிருக்கா?"

"நடுவுல கொஞ்சம்."

"அப்ப விலை போவாது" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். அவள் சின்ன வயதில் தோல் வியாபாரி ஊருக்குள் வருவானாம். இருளர்கள் எலி வளையைத் தோண்டிப் பாம்பைப் பிடித்து வருவார்களாம். வயிற்றுப் பக்கம் நீளக் கிழித்து, உரித்து, பலகையில் ஆணி அடித்துக் காய வைப்பார்களாம். முதுகுப் பக்கம் கத்தி படக் கூடாது. படம் போட்ட பக்கம் அதுதானே. வெள்ளைக்காரிகளின் கைப்பைக்கும் செருப்புக்கும் நம்மூர்ச் சாரைத் தோல் கப்பலேறிய காலம் அது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே தோல் வியாபாரத்துக்குக் கதவடைத்தார்கள். பிழைப்புப் போன இருளர்களுக்காகப் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். வடநெம்மேலியில் இன்றும் அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடித்த உயிரைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே வேலை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். விஷம் இல்லாத சாரைக்குத் தோலும் போன பிறகு ஒரு மதிப்பும் இல்லை. எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றுவதற்கெல்லாம் யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

என்னிடம் அதற்கு மதிப்பு இருந்தது. எப்படிப் பதப்படுத்துவது என்பதுதான் கேள்வி. எனக்கு ஏட்டுப் படிப்பில் குறைவில்லை.

முதல் வழி, கண்ணாடி ஜாடி. ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதை ஊசியால் உடம்பெங்கும் ஏற்றி, வயிற்றில் அங்கங்கே கீறல் போட்டு, பாம்பைச் சுருட்டி அதிலேயே ஊறவைக்க வேண்டும். சதை இறுகிய பிறகு தண்ணீரில் கழுவி, எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். காலேஜ் விலங்கியல் கூடங்களில் வெளிறிப்போய் நம்மைப் பார்க்கும் பாம்புகள் எல்லாம் இப்படிப் போனவைதான். ஜாடிக்கு வீட்டில் ஒரே ஒரு தகுதியான விண்ணப்பதாரர்: ஆவக்காய் ஜாடி. அந்தப் பேச்சை நான் எடுக்கக்கூட இல்லை. பார்வை அந்தப் பக்கம் போனதற்கே பதில் வந்துவிட்டது.

இருந்தாலும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஃபார்மலின் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு சார்? மீன் யாவாரமா?"

2018-இல் மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் போடுகிறார்கள் என்று பத்திரிகைகள் அமளிதுமளிப்பட்டதை அவர் மறக்கவில்லை. "மீன் இல்ல, பாம்பு" என்றேன். அவர் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார். எழுபது சதவீத ஆல்கஹால் பற்றி நான் அடுத்த கேள்வி கேட்டதும், "அது டாஸ்மாக்ல கேளுங்க சார்" என்று முதலாளி மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது வழி, தோல். அம்மா சொன்ன மாதிரி வயிற்றுப் பக்கம் கிழித்து, உரித்து, உட்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் வழித்து, உப்பு தேய்த்துப் பலகையில் அறைய வேண்டும். பிறகு பூச்சி. அந்தக் காலத்தில் தோலைப் பாடம் செய்தவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பை உட்பக்கம் பூசினார்கள். மைசூரில் வான் இங்கன் என்ற குடும்பம் மகாராஜாக்கள் சுட்ட புலிகளை மறுபடி உறும வைத்த கதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி ஒரே இடத்தில்தான் காதைக் கொடுத்தாள்.

"ஆர்சனிக்குன்னா பாஷாணம்தானே?"

"ஆமா. ஆனா அதெல்லாம் அந்தக் காலத்துல."

"வீட்டுக்கு வந்துச்சுன்னா முதல்ல உங்க காபியிலதான் விழும்."

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: எலும்புக்கூடு. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இதற்கென்றே ஒரு வகை வண்டை வளர்க்கிறார்கள். காய்ந்த சதையை மட்டும் தின்று எலும்பைச் சுத்தமாகக் கொடுத்துவிடுமாம். நம்மூரில் அந்த உத்தியோகத்துக்கு எறும்பு இருக்கிறது. வலைத்துணியில் சுற்றி மண் சட்டியில் புதைத்துச் சில மாதம் விட்டால் போதும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டால் வெளுத்துவிடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடாது, எலும்பையே தின்றுவிடும். இதுவரை சுலபம். வெளுத்ததைக் கோக்கும்போதுதான் சங்கதி தெரியும். பாம்புக்கு முதுகெலும்புக் கணு இருநூறிலிருந்து நானூறு வரை. வாலைத் தவிர்த்துக் கணுவுக்கு ஒரு ஜோடி விலா எலும்பு, ஈர்க்குச்சி கனத்தில், ஒன்றுக்கொன்று அச்சு அசல். மகளுக்கு வாங்கிக் கொடுத்த படப் புதிரில் வானத்துத் துண்டுகளைச் சேர்க்க முடியாமல் பரணில் போட்டவன் நான். ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகு செய்ய ஒரு வேலை வேண்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சட்டி வாங்கக் கிளம்பியபோது மகள் குறுக்கே வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் யாரும் கேட்காத நேரத்தில் சரியான தகவலைப் படித்துச் சொல்லும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

"அப்பா, அது உங்களோடது இல்ல."

"ரோட்டுல கெடந்தது. நான்தான் எடுத்தேன்."

"வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39. செத்துக் கிடந்தாலும் அது மாநில அரசாங்கத்தோட சொத்து. கையில கெடச்ச நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்லயோ அதிகாரிகிட்டயோ தகவல் சொல்லணும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் யாருடைய தயவும் இல்லாமல் நானாகக் கண்டெடுத்த ஒரே பொருள். அதற்கும் உரிமையாளர் வேறு ஆள்.

அவள் நிறுத்தவில்லை. எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. விற்கக் கூடாது. இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. அழிக்கக் கூடாது, சேதப்படுத்தவும் கூடாது. 1972 சட்டத்தை 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தபோது அபராதத் தொகைகளை ஏற்றியும் விட்டார்கள். 'சிறை' என்ற சொல்லும் 'லட்சம்' என்ற சொல்லும் அதில் எந்த இடத்தில் வருகின்றன என்று மகள் விரலால் தொட்டுக் காட்டினாள். மனைவி முதன்முறையாக என் ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் காட்டினாள்.

விஷயம் எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். அரசாங்கச் சொத்து ஒன்று தன் ஜன்னலுக்கு நேரே கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எடுத்த நேரம் எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். காலைல, நடக்கப் போனப்ப."

"சாட்சி?"

"டீக்கடையே சாட்சி."

மாடிக்குப் போனோம். சாக்கு இருந்த இடத்தில் எறும்புச் சாரி. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் புறப்பட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஒழுங்காக வரிசையில் வந்து, ஆளுக்கு ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எலும்புக்கூடு கட்சியில் இருந்தவரை நான் அவற்றை வரவேற்றிருப்பேன். இப்போது என் பொறுப்பில் இருக்கும் அரசாங்கச் சொத்துக்கு அவை சேதம் விளைவித்துக்கொண்டிருந்தன. விளக்குமாறும் மஞ்சள் பொடியும் எடுத்துக்கொண்டு நான் அரசாங்கத்தின் பக்கம் நின்று போரிட்டேன். வருவாய் ஆய்வாளர் நிழலில் நின்று வியூகம் சொன்னார்.

எறும்பை விடப் பெரிய எதிரி வெயில். நேரம் ஆக ஆகப் பாம்பு உப்பியது. வாடை மாடிப்படி இறங்கி, சமையலறைக்கு வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தது. ஃப்ரீசர் என்ற சொல்லின் முதல் எழுத்தைத்தான் சொன்னேன். அங்கே இட்லி மாவு இருக்கிறது, உறைந்த பட்டாணி இருக்கிறது, உங்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. உங்களுக்கு என்றதில் பாம்பும் அடக்கமா என்று கேட்கவில்லை. மீன் கடைக்குப் போய் ஒரு பழைய தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் வாங்கி வந்தேன். "எவ்ளோ கிலோ வாங்கினீங்க?" என்று மீன்காரம்மா கேட்டார். "நீளக் கணக்கு" என்றேன்.

பிறகு போன். எங்கள் பகுதி எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மாவட்டத்துக் குரல்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டன. கடைசியில் சரியான குரல் கிடைத்தது.

"பாம்பா? வீட்டுக்குள்ளயா? தள்ளி நில்லுங்க, அடிக்காதீங்க, ஆள் அனுப்பறோம்."

"அடிக்கல சார். செத்துப்போச்சு."

"யார் அடிச்சது?"

"லாரி."

"லாரி நம்பர்?"

"தெரியாது சார்."

"அப்ப உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'ஆசைப்பட்டு' என்பதுதான். அதை எப்படி எழுத்தில் கொடுப்பது? வருவாய் ஆய்வாளர் போனை மூடச் சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளில் தானே மனு எழுதினார். முப்பது வருஷம் பட்டா, சிட்டா, அடங்கல் எழுதிய கை அது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது:

'பொருள்: இறந்த நிலையில் சாரைப் பாம்பு ஒன்று (1) கண்டெடுக்கப்பட்டது தொடர்பாக. ஐயா, மேற்படி பாம்பானது மேற்படி சாலையில் அடையாளம் தெரியாத வாகனத்தால் ஏற்கனவே இறந்துபட்டிருந்ததையும், மனுதாரருக்கும் மேற்படி பாம்புக்கும் முன்விரோதம் ஏதும் இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி பாம்பை மனுதாரர் தம் அனுபோகத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.'

கடைசி வாக்கியம் மட்டும் பொய். அதன் கீழேதான் என் கையெழுத்து.

வனக்காப்பாளர் மறுநாள் காலை பைக்கில் வந்தார். இளைஞர். நான் பயந்தபடி அதட்டவில்லை. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உதட்டுக் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் "சாரை" என்றார். நான் குச்சியோடு கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட வேலை. டேப்பை நீட்டி அளந்தார். எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, வயலிலிருந்து வந்ததா, புதரிலிருந்து வந்ததா என்றெல்லாம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் இயற்கை ஆராய்ச்சியாளனாக இருக்கும் என்னிடம் அந்தப் பாம்பின் நீளத்தைத் தவிர ஒரு குறிப்பும் இல்லை. சாக்கின் டெபாசிட் தொகை மட்டும் நினைவிருந்தது.

"எடுக்காம, கெடந்த எடத்துலயே ஒரு போட்டோ எடுத்திருந்தீங்கன்னா எங்களுக்குப் பிரயோஜனமா இருந்திருக்கும் சார். பக்கத்துல ஒரு ஸ்கேலோ, காசோ வச்சு. எந்த எடத்துல அடிக்கடி அடிபடுதுன்னு தெரிஞ்சா அங்க ஒரு வேகத்தடை கேக்கலாம்" என்றார்.

பாடம் செய்து வைத்துக்கொள்ளும் விஷயத்தை மெதுவாக விட்டுப் பார்த்தேன். காலேஜோ அருங்காட்சியகமோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதி அனுமதி வாங்கலாம் என்றார். "நீங்க எந்த நிறுவனம் சார்?" வீட்டுக்குள்ளிருந்து மனைவி சிரித்தது அவருக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

மகசர் எழுதினார்கள். வருவாய் ஆய்வாளர் இரண்டு சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டு, தேதியின் கீழே இரண்டு கோடு இழுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை அவர் பணி ஓய்வு விழாவிலும் நான் பார்த்ததில்லை. ஊரைத் தாண்டிய புறம்போக்கில் குழி வெட்டினோம். அம்மா ஒரு டம்ளரில் பால் கொடுத்து அனுப்பியிருந்தாள். "சாரைக்கு உண்டா?" என்று கேட்டேன். "செத்தவங்களுக்கு உண்டு" என்றாள். வனக்காப்பாளர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார். காசு வைக்கவில்லை; அரசாங்கச் சொத்தோடு காசையும் புதைத்தால் அதற்கு வேறு கணக்கு எழுத வேண்டிவரும் என்று வருவாய் ஆய்வாளர் தடுத்துவிட்டார்.

பலகையில் என் ஒரு சாண் இடம் அப்படியே இருக்கிறது. சங்குக்குப் பக்கத்தில் இப்போது ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். நடைக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்கிறேன். டீக்கடையில் எனக்கு 'செத்த பாம்பு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. செத்த பாம்பை அடிப்பவன் என்ற பெயர் ஆபீசில் எனக்கு முன்பே உண்டு என்பதால் இது பதவி உயர்வுதான். ஒரு கீரிப்பிள்ளை, இரண்டு ஓணான், ஒரு தண்ணீர்ப் பாம்பு என்று ஸ்கேலோடு படம் எடுத்து வனக்காப்பாளருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 'நன்றி சார்' என்று பதில் போடுகிறார். வேகத்தடை இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கும் வாசகர்களில் எனக்கிருக்கும் இதே ஆசை யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை. ரோட்டில் கிடப்பதைக் கையால் தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாடம் செய்த பிராணியையும் எலும்புக்கூட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சென்னை எழும்பூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1851-இல் தொடங்கியது. ஊர்வனவற்றுக்குத் தனிக் கூடம் உண்டு. முழுத் திமிங்கில எலும்புக்கூடே வைத்திருக்கிறார்கள், ஒரு கணுவும் நீங்கள் கோக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்; விடுமுறை.